எந்த மலையின் காபி?

“கால் கிலோ குடுங்க. பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி. சிக்கரி பதினஞ்சு போதும்.”

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி. நகரிலும் அடையாறிலும் காபிப்பொடிக் கடைகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. கடைக்காரர் “பில்டருக்குத்தானே?” என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். இரண்டு டப்பாக்களிலிருந்து வறுத்த கொட்டையை அள்ளி, தராசில் நிறுத்து, கிரைண்டரின் வாயில் கொட்டுகிறார். சூடு ஆறாத பொடியில் சிக்கரியைக் கலந்து உறையில் போட்டு நீட்டுகிறார். வாங்குபவர் எத்தனை சதவீதம் சிக்கரி கேட்பார், எந்தக் கொட்டையை விரும்புவார் என்பதெல்லாம் பழைய கடைகளில் மனப்பாடம்.

கல்லாவுக்குப் பின்னால் விலைப்பலகை தொங்குகிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு தகவலைச் சொல்கிறது. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு வணிகத்தில் பிளான்டேஷன் என்று பெயர். 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது ஏ, 6 மில்லிமீட்டரில் தங்குவது பி. பழத்தைத் தோலோடு வெயிலில் காயவைத்து எடுத்தால் செர்ரி. ஆக, கொட்டையின் உருவம், பருமன், பதம் எல்லாம் பலகையில் உண்டு. எந்த மலையில் விளைந்தது, எந்த மரத்தின் நிழலில் விளைந்தது, பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்பவை மட்டும் இல்லை. காட்டுக்கும் உழைப்பவருக்கும் கேடு செய்யாத காபியைக் குடிக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருவருக்குத் தேவையானவை அந்த மூன்றும்தான்.

மலையின் பெயர் தொலைந்த கதை

இந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனபோது, இந்தியக் காபித் தோட்டங்களைக் காப்பாற்ற அரசு தலையிட்டது. 1942-ல் காபிச் சட்டம் வந்தது. விளைந்த காபி முழுவதையும் விவசாயிகள் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து, ஏலத்தில் விற்று, பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும். அரை நூற்றாண்டு இந்த ஏற்பாடு நீடித்தது. சிறு விவசாயிக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆனால் குடகின் காபியும் ஏற்காட்டின் காபியும் ஒரே தரப்பெயருக்குள் கலந்தன. நல்ல நிழல் வளர்த்தவருக்கும் மரங்களை வெட்டிச் சாய்த்தவருக்கும் ஒரே விலை.

1990-களில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் விவசாயிகள் தங்கள் காபியை யாருக்கும் விற்கலாம் என்றானது. 2019-ல் குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏற்றுமதிச் சந்தையில் மலைப் பெயர்கள் புழங்குகின்றன. சென்னைக் கடைகள் பெரும்பாலும் தரப்பெயரோடு நின்றுவிட்டன.

நிழல் என்ன செய்கிறது

அராபிகாச் செடியின் பிறப்பிடம் எத்தியோப்பிய மலைக்காடு. அங்கே அது உயர்ந்த மரங்களின் கீழ் வளரும் சிறு மரம். உச்சி வெயில் அதற்குப் பழக்கமில்லை. நிழலில் வளரும்போது வெப்பம் கூடிக் குறைவது மட்டுப்படுகிறது, பழம் மெதுவாகப் பழுக்கிறது, உதிரும் இலைகள் மண்ணை மூடி ஈரம் காக்கின்றன. கீழடுக்கு நிழலுக்காக நடப்படும் கல்யாண முருங்கை, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது.

பூச்சி விஷயத்திலும் நிழலுக்குப் பங்கு உண்டு. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. வெயில் படும் தண்டுகளின் பட்டை வெடிப்புகளில் அது முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போய்ச் செடியையே சாகடிக்கும். நிழல் குறைந்த தோட்டத்தில் வண்டின் ஆட்டம் அதிகம். அப்போது செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், அல்லது தண்டுக்கு மருந்தடிக்க வேண்டும். நிழலைக் குறைத்தவர் பூச்சிமருந்துக்குச் செலவழிக்கிறார்.

உலகின் பல நாடுகள் இந்த நிழலை இழந்துவிட்டன. 1970-ல் இலைத்துரு நோய் பிரேசிலில் தென்பட்டதும், லத்தீன் அமெரிக்கா முழுவதும் மரங்களை வெட்டி, திறந்த வெயிலில் நெருக்கமாகச் செடி நட்டு, உரமும் மருந்தும் கொட்டி விளைவிக்கும் முறை பரவியது. விளைச்சல் உயர்ந்தது. மரங்களோடு பறவைகளும் போயின. இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. இங்கே காபி ஏறக்குறைய முழுவதும் இன்னும் மர நிழலில்தான் விளைகிறது. காபி விளைவிக்கும் பெரிய நாடுகளில் இது அபூர்வம்.

அந்த நிழலுக்குள் என்ன வாழ்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சார்லட் சாங், கிருதி காரந்த், பால் ராபின்ஸ் ஆகியோர் கர்நாடகத்தின் காபித் தோட்டங்களில் பறவைகளைக் கணக்கெடுத்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டனர். காட்டை நம்பி வாழும் 79 பறவை இனங்கள் தோட்டங்களில் பதிவாயின. அழியும் அபாயத்திலுள்ள நீலகிரிக் காட்டுப்புறாவும் அவற்றில் ஒன்று. அராபிகாத் தோட்டங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் அதிகம். ஆனால் காபியின் இன்னொரு இனமான ரோபஸ்டாவின் தோட்டங்களும் பறவை வளத்தில் சோடை போகவில்லை.

தமிழ்நாட்டில் வால்பாறையைப் பார்க்கலாம். தேயிலை நடுவதற்காக மழைக்காட்டை மொட்டையடித்த மேட்டுநிலம் அது. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த டி.ஆர். சங்கர் ராமனும் திவ்யா முடப்பாவும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறார்கள். அவர்களுடைய ஆய்வுகள் காட்டும் வேறுபாடு தெளிவானது: தேயிலைப் பரப்பைக் கடக்கத் தயங்கும் மழைக்காட்டுப் பறவைகள், நாட்டு மரங்கள் நிற்கும் காபித் தோட்டங்களைப் பயன்படுத்துகின்றன. இருவாச்சி கூட அத்தி மரம் தேடி அங்கே வருகிறது.

சில்வர் ஓக் என்னும் சிக்கல்

நிழல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கடந்த சில பத்தாண்டுகளில் குடகுத் தோட்டங்களில் பலா, ஆயினி, அத்தி, ஈட்டி போன்ற நாட்டு மரங்களின் இடத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பிடித்து வருகிறது. விவசாயியின் பக்கத்தில் இதற்குக் காரணம் இருக்கிறது. சில்வர் ஓக் வேகமாக, நேராக வளரும். மிளகுக் கொடி ஏற்ற வசதி. பணத் தேவை வந்தால் வெட்டி விற்கலாம். நாட்டு மரங்கள் மீதோ பல நிலங்களில் உரிமைச் சிக்கல். தன் தோட்டத்து மரத்தை வெட்டவே அனுமதி கேட்டு அலைய வேண்டும். மரத்தைக் காக்கப் போட்ட விதி, அந்த மரத்தை வளர்க்காமல் இருப்பதே மேல் என்ற நிலைக்கு விவசாயியைத் தள்ளிவிட்டது. பழம் தராத, ஒரே வகை மரம் நிற்கும் தோட்டத்தில் பறவைக்கும் மலை அணிலுக்கும் தின்ன என்ன இருக்கிறது?

மாற்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில், தாண்டிகுடி, பண்ணைக்காடு, ஆடலூர்ப் பக்கம் ஏறினால், காபிச் செடிக்கு மேல் விருப்பாச்சி வாழை, அதற்கு மேல் பலாவும் பிற மரங்களும், மரத்தில் மிளகுக் கொடி என்று அடுக்கடுக்காகத் தோட்டம் போட்டிருப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற அந்த மலைவாழைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது. காபி விலை சரிந்த ஆண்டில் வாழையும் மிளகும் குடும்பத்தைத் தாங்கும். காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் தாண்டிகுடியில் இருக்கிறது. ஏற்காட்டிலோ, சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் நட்ட காலம் தொட்டுக் காபி உண்டு. நாட்டின் விளைச்சலில் தமிழ்நாட்டின் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். சென்னைக்கு மிக அருகில் விளைவது அந்தக் காபி. கடையில் கேட்டால் பலருக்கு அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது.

டிகாக்ஷனும் தண்ணீரும் ஒரே மலையிலிருந்து

சென்னைக்குக் காபி வரும் மலைகளிலிருந்து தண்ணீரும் வருகிறது. காவிரி குடகில் தலைக்காவிரியில் பிறக்கிறது. அதன் துணையாறு ஹேமாவதி சிக்மகளூர் மாவட்டத்துக் காபி மலைகளில் பிறக்கிறது. மேட்டூர், கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக அந்த நீரின் ஒரு பகுதி வீராணம் ஏரிக்கு வந்து சேர்கிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்குக் குடிநீராகிறது. மலைத் தோட்டத்தில் மரம் நின்றால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் ஓடையாகக் கசிகிறது.

காபியைப் பதப்படுத்தும் முறையும் ஆற்றைத் தொடுகிறது. பிளான்டேஷன் வகைக்குப் பழத்தைப் பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சதையை ஊறவைத்துக் கழுவ வேண்டும். அந்தக் கழிவுநீரில் சர்க்கரை ஏராளம். அப்படியே ஓடையில் விட்டால் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் சாகும், நீர் நாறும். அறுவடை நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் வரை நடக்கிறது. ஓடைகள் வற்றத் தொடங்குவதும் அப்போதுதான். பொறுப்பான தோட்டங்கள் கழிவுநீரைத் தொட்டிகளில் தேக்கிச் சுத்திகரிக்கின்றன. குறைந்த நீரில் சதையை உரசி எடுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

செர்ரி வகைக்கு இந்தக் கழுவல் கிடையாது. களத்தில் காய வைத்தால் போதும். இந்த வகையில் அதிகம் வரும் ரோபஸ்டாவைத் தண்டுத் துளைப்பானும் அண்டாது, அதனால் மருந்து குறைவு. இன்னொரு பக்கம், ரோபஸ்டாவுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்று கிளைகளைக் கழிப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பூ எடுக்க ஸ்பிரிங்கிளர் போட்டு ஓடை நீரை இறைப்பார்கள். அராபிகா உயர்ந்தது, ரோபஸ்டா மட்டம் என்று சுவையில் சொல்லலாம். சூழலுக்கு அந்தத் தராசு பொருந்தாது. எந்தத் தோட்டம், எப்படி வளர்த்தது என்பதுதான் கணக்கு.

பறித்த கைகள்

காபியின் நியாயத்தைப் பேசும்போது தமிழர்கள் இலங்கையை மறக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டி மலைகளில் காபி எஸ்டேட்டுகள் பெருகியபோது, மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். மன்னார் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர் ஏராளம். 1869-ல் இலைத்துரு நோய் தென்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காபி அழிந்து தேயிலை வந்தது. தொழிலாளர்கள் அதே லைன் வீடுகளில் தேயிலைக்கு மாறினார்கள். இன்றைய மலையகத் தமிழரின் கதை காபியில் தொடங்கியது.

இந்தியாவில் 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. பெரிய எஸ்டேட்டுகளுக்குத்தான் அது பொருந்தியது. நாட்டின் காபி விவசாயிகளில் 98 சதவீதத்துக்கு மேல் பத்து ஹெக்டேருக்குக் குறைவான நிலம் உள்ளவர்கள். அறுவடைக் காலத்தில் அவர்களிடம் வேலைக்கு வருகிறவர்கள் பழங்குடியினர், உள்ளூர் ஏழைகள், இப்போது அசாம், வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வருபவர்கள். கூலி பெரும்பாலும் பறித்த எடைக்குத்தான்.

விவசாயியின் விலை நியூயார்க், லண்டன் சந்தைகளில் முடிவாகிறது. 1989-ல் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு முறிந்த பின் விலைக்கு அணை இல்லாமல் போனது. 2001-ல் அராபிகா ஒரு பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. விழும்போது தோட்டத்தில் முதலில் குறைவது கூலி. அடுத்து வெட்டுப்படுவது மரம்.

முத்திரைகள் என்ன சொல்கின்றன

பாக்கெட்டில் வரும் முத்திரைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்கை மட்டும் பார்க்கின்றன. பச்சைத் தவளை போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை காடு, நீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கு விதிகள் வைக்கிறது. குறைந்தபட்ச விலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஃபேர்டிரேட் அந்த உத்தரவாதத்தைத் தருகிறது: 2023 ஆகஸ்ட் முதல் கழுவிய அராபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர், கூட 20 சென்ட் சமூக நிதி. இந்தியா ஆர்கானிக், ஜெய்விக் பாரத் முத்திரைகள் ரசாயனம் இல்லை என்பதற்கான சான்று. நிழல் மரம் பற்றியோ கூலி பற்றியோ அவை பேசுவதில்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பறவை நேச முத்திரைதான் மிகக் கறாரானது: இயற்கை வேளாண்மை, குறைந்தது 40 சதவீத நிழல், குறைந்தது பத்து வகை மரங்கள்.

சான்றிதழ் வாங்கக் காசு வேண்டும், கணக்கு எழுத வேண்டும். நல்ல தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இரண்டும் சுமை. அதனால் முத்திரை இல்லை என்பதற்காக ஒரு காபியைத் தள்ளிவிட முடியாது. பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினருடன் வேலை செய்யும் பிளாக் பாசா, அரக்குப் பள்ளத்தாக்கில் நாந்தி அறக்கட்டளையின் துணையோடு நடக்கும் பழங்குடிக் கூட்டுறவு போன்ற முயற்சிகள், விளைவித்தவரையும் இடத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்கின்றன. கூண்டில் அடைத்த புனுகுப் பூனைக்குப் பழத்தைத் தின்னக் கொடுத்து எடுக்கும் காபியை மட்டும், எந்தப் பெயரில் வந்தாலும், வாங்காமல் இருப்பதே சரி.

சென்னையில் என்ன செய்யலாம்

பில்டர் காபிப் பழக்கத்தில் சூழலுக்கு நல்லது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பித்தளை, எவர்சில்வர் பில்டருக்குத் தாள் வேண்டாம், அலுமினிய கேப்ஸ்யூல் வேண்டாம். டபரா டம்ளர் பல்லாண்டு உழைக்கும். பிளாஸ்டிக் பூசிய காகித கப்புகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை; டீக்கடையில் அவை நீட்டப்படும்போது கண்ணாடி டம்ளரில் கேட்டு வாங்கலாம். பொடி வாங்க வீட்டிலிருந்தே டப்பா கொண்டுபோகலாம். சக்கை ரோஜாத் தொட்டிக்கு உரம்.

பாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கார்மென் நாப், மார்க் மாஸ்லின் ஆகியோர் 2020-ல் கணக்கிட்டபடி, பாலில்லாத ஒரு எஸ்பிரெசோவுக்குச் சராசரியாக 0.28 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு. பால் சேர்ந்த லாட்டேவுக்கு 0.55 கிலோ. நம் மாடுகள் தின்னும் வைக்கோலுக்கும் ஐரோப்பியத் தீவனத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதால் எண் இங்கே அப்படியே பொருந்தாது. பாலின் பங்கு பெரிது என்பது பொருந்தும். தேவைக்குப் பால் காய்ச்சுவதும், மிஞ்சிய டிகாக்ஷனைக் கொட்டாமல் இரண்டாம் வேளைக்கு வைத்துக்கொள்வதும் எளிய வழிகள்.

சிக்கரியைச் சூழலுக்கு எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் வயலில் விளையும் கிழங்கு அது. சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம்; எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பார்த்து வாங்கினால், கொடுத்த பணத்தில் எவ்வளவு காபித் தோட்டத்துக்குப் போகிறது என்பது புரியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கடையில் கேட்கும் கேள்வி. கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடைக்காரர் கிடைத்த நகரம் இது. “இது எந்த மலைக் காபி? எந்தத் தோட்டம், நிழல் எப்படி?” என்று அவரிடம் நேராகக் கேட்கலாம். தெரியாது என்று அவர் சொன்னாலும், பலர் கேட்டால் அவர் தனக்கு விற்பவரிடம் கேட்பார். இந்தியக் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. அதிகம் வாங்குவது இத்தாலி. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை உள்ளே விட மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது. அமலுக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும், தோட்டத்தின் அமைவிடத்தை வரைபடத்தில் குறிக்கும் வேலை இங்கே தொடங்கிவிட்டது. ரோமில் குடிப்பவருக்குக் கிடைக்கப்போகும் தகவல் மயிலாப்பூரில் குடிப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

மொத்தமாக வாங்குபவர்களுக்கு இன்னும் பலம் அதிகம். மயிலாப்பூர், தி. நகர் சபாக்களின் மார்கழி கேண்டீன்கள், கல்யாண மண்டபங்களின் சமையல் காண்டிராக்டர்கள், அடையாறின் அலுவலகக் கேண்டீன்கள் எல்லாரும் பெரிய அளவில் பொடி வாங்குகிறவர்கள். மார்கழியில் கச்சேரி நடக்கும் அதே வாரங்களில்தான் மலையில் அராபிகா பறிக்கிறார்கள். அந்தக் கொட்டை காய்ந்து, தரம் பிரிந்து விற்பனைக்கு வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். ஒரு சபா கேண்டீன் அந்தச் சமயத்தில் வறுப்பவரோடு உட்கார்ந்து, தாண்டிகுடியிலோ ஏற்காட்டிலோ நாட்டு மர நிழலில் விளைந்த இன்ன தோட்டத்துக் காபி, பறித்தவருக்கு அரசு நிர்ணயித்த கூலிக்குக் குறையாமல் கொடுத்தது, விவசாயிக்கு முன்பணம் என்று பேசி முடித்தால், அடுத்த மார்கழி முழுவதற்கும் தேவையான சரக்கை ஒரே கொள்முதலில் எடுத்துவிடலாம்.